பிரிக்கிறது நீ... எடுக்கிறது நான்!

''ஆக்யூரஸி 99 சதவிகிதம் சார்!''

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவாவில் இப்படிச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஆசாமியா நீங்கள்? அப்படியென்றால் எதிரில் இருக்கும் எக்ஸ்டர்னல் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார். ''அது சரி தம்பி, டேட்டாவை எப்படிப் பிரிச்சே?''

பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். ''அது... லைப்ரரியிலேயே இருக்கு சார், ஒரே லைன்'' என்று இழுப்பார்கள். அந்த ஒரு லைனுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் கப்சிப்!

டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங், ஏ.ஐ. என்று எந்தப் பெயரில் பேப்பர் எழுதினாலும் எல்லாவற்றுக்கும் முதல் படி ஒன்றுதான். கையில் இருக்கும் அட்டவணையைப் பாரபட்சம் இல்லாமல், சொன்ன விகிதத்தில் பங்கு பிரிப்பது. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்து செய்யும் அத்தனையும் வேஸ்ட். சரி, பாரபட்சம் இல்லாத பங்கு என்றால் என்ன? அதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு தூத்துக்குடிக்கு பஸ் பிடிக்கலாம், வாங்க!

முத்து நகர் ஃபார்முலா!

தூத்துக்குடிக்கு 'முத்து நகர்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. இந்தப் பக்கம் தூத்துக்குடி, அந்தப் பக்கம் இலங்கையின் மறிச்சுக்கட்டி என்று மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளிலும் நூற்றாண்டுகளாக முத்துக் குளித்திருக்கிறார்கள். கடலடியில் சிப்பிகள் கூட்டமாக வளரும் பாறைத் திட்டுக்கு 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் 'தொள்ளாயிரம் பார்' ரொம்பப் பிரபலம். நம்ம கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை யாரும் பார்க்கவில்லை. சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுக்கும் ஆராய்ச்சியைக் கையில் எடுத்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1973-ல் இதே தூத்துக்குடியில் அதில் வெற்றியும் கண்டது.

பழைய முத்துக்குளிப்பில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. படகுகள் கரைக்கு வருகின்றன. சிப்பிகளைச் சுமந்துகொண்டு 'கொட்டு' என்ற அடைப்புக்குள் போகிறார்கள். அங்கே பங்கு பிரிப்பு. பிரிட்டிஷார் காலத்தில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு முத்துக் குளித்தவர்களுக்கு. அநியாயம்தான், அது தனிக் கதை! நாம் பார்க்க வேண்டியது, அதைப் பிரித்த விதத்தை.

மறிச்சுக்கட்டியில் சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரித்தது குளித்து எடுத்தவர்களேதான். பிரித்து முடித்த பிறகு அதிகாரி வந்து, 'இது, இது' என்று இரண்டைக் கை காட்டுவார். மிச்சம் இருப்பது அவர்களுடையது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரிப்பவர் ஒரு குவியலில் மட்டும் பெரிய பெரிய சிப்பியாகப் பொறுக்கி வைத்தால் என்ன ஆகும்? அதிகாரி அதைத்தான் முதலில் கை காட்டுவார். நஷ்டம் பிரித்தவருக்கு. எந்தக் குவியல் தனக்கு வரும் என்று தெரியாததால் மூன்றையும் ஒரே மாதிரி வைப்பதுதான் அவருக்கு லாபம். அதிகாரிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது!

ஆக, பிரிக்கிற கை வேறு, எடுக்கிற கை வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. நேர்மையான பங்குக்கு இதைவிட நல்ல ஃபார்முலா கிடையாது. ரேண்டம் ஸ்ப்ளிட் என்று கம்ப்யூட்டரில் நாம் செய்வதும் இதே வேலைதான்.

ஏன் பிரிக்கணும்?

பத்தாம் வகுப்பு ஞாபகம் இருக்கா? கைடில் இருக்கும் கணக்கை அப்படியே மனப்பாடம் செய்யும் நண்பன் ஒருவன் கட்டாயம் இருந்திருப்பான். அதே கணக்கு வந்தால் நூற்றுக்கு நூறு. எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டால் முட்டை!

கம்ப்யூட்டர் மாடலும் அந்த நண்பன் மாதிரிதான். கற்றுக்கொண்டதிலிருந்தே கேள்வி கேட்டால் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். உண்மையிலேயே புரிந்துகொண்டதா என்று தெரிய, அது பார்க்காத கேள்வி வேண்டும். அதனால்தான் டேட்டாவை மூன்றாகப் பிரிக்கிறோம். ட்ரெய்னிங் பங்கு பாடப்புத்தகம். வேலிடேஷன் பங்கு ரிவிஷன் டெஸ்ட். டெஸ்ட் பங்குதான் பப்ளிக் எக்ஸாம். 70:15:15, 80:10:10 என்று விகிதம் ஆளுக்கு ஆள், டேட்டாவுக்கு டேட்டா மாறும். கேள்வித்தாள் லீக் ஆகக் கூடாது என்ற விதி மட்டும் மாறவே மாறாது.

பூவை வெட்டினா போச்சு!

''சரி, மேலே இருந்து 70 சதவிகிதம், அடுத்து 15, மிச்சம் 15-ன்னு வெட்டிட்டா முடிஞ்சதே?''

அதுதான் இல்லை. மெஷின் லேர்னிங் படிக்கும் எல்லோரும் தொட்டுப் பார்க்கும் 'ஐரிஸ்' டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1936-ல் தன் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் அளவுகள். மூன்று இனம், இனத்துக்கு 50. பட்டியலில் முதல் 50 ஒரு இனம், அடுத்த 50 இன்னொன்று, கடைசி 50 மூன்றாவது.

இதைக் கலைக்காமல் மூன்று சம பங்காக வெட்டினால்? ஒவ்வொரு பங்கிலும் ஒரே ஒரு இனம்! முதல் இரண்டு பங்கில் படித்த மாடல் மூன்றாவது இனத்தைக் கண்ணாலேயே பார்த்திருக்காது. 80:20 என்று வெட்டினாலும் டெஸ்ட் பங்கின் 30 பூவும் கடைசி இனமாகவே இருக்கும். பரீட்சையில் ஒரே பாடத்திலிருந்து 30 கேள்வி கேட்ட மாதிரி!

ப்ராஜெக்ட்டுக்கு நாம் சேகரிக்கும் பட்டியல்களும் இப்படித்தான். தேதி வாரியாக, ஊர் வாரியாக, மார்க் வாரியாக என்று ஏதாவது ஒரு வரிசையில்தான் இருக்கும். அதனால் வெட்டுவதற்கு முன் சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி கலைத்தே ஆக வேண்டும்.

சரியாக் கலைச்சியா?

கலைப்பதிலும் அரைகுறை உண்டு. அதற்கு விலை கொடுத்தவர்கள் அமெரிக்க இளைஞர்கள். 1969 டிசம்பர் 1-ம் தேதி, வியட்நாம் போருக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு குலுக்கல் நடந்தது. வருடத்தின் 366 பிறந்த தேதிகளையும் சின்னக் குப்பிகளில் அடைத்தார்கள். யாருடைய பிறந்த தேதி முதலில் வருகிறதோ அவருக்கு முதலில் அழைப்பு.

குப்பிகளை ஜனவரி, பிப்ரவரி என்று மாத வரிசையில் பெட்டியில் போட்டார்கள். ஆனால், நன்றாகக் குலுக்கவில்லை. விளைவு, வருடக் கடைசியில் பிறந்தவர்களின் தேதிகள் அதிகமாக முன்னாலேயே வந்துவிட்டன. கணக்குப் போட்டுப் பார்த்த புள்ளியியல்காரர்கள் 'இது ரேண்டமே இல்லை' என்று எடுத்துச் சொல்ல, அடுத்த குலுக்கலில் முறையை மாற்றினார்கள். டிசம்பரில் பிறந்த ஒரே காரணத்துக்காகப் போர்முனைக்குப் போக வேண்டிய வாய்ப்பு கூடியது என்றால்... அரைகுறைக் குலுக்கல் சின்ன விஷயமா, சொல்லுங்கள்!

கம்ப்யூட்டரில் இந்தப் பிரச்னைக்குத் தீர்வு, ஃபிஷர் - யேட்ஸ் கலைப்பு. ஐரிஸ் ஃபிஷரேதான்! ஃபிராங்க் யேட்ஸுடன் சேர்ந்து 1938-ல் வெளியிட்ட புத்தகத்தில் பேப்பர், பென்சிலால் கலைக்கும் வழியைச் சொன்னார். 1964-ல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். ரொம்ப சிம்பிள். கடைசிச் சீட்டை, அதையும் சேர்த்து உள்ள எல்லாச் சீட்டுகளிலிருந்தும் ரேண்டமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து இடம் மாற்றுங்கள். அந்தக் கடைசி இடம் முடிந்தது, இனி அதைத் தொடக் கூடாது. அடுத்து அதற்கு முந்தைய இடம். இப்படியே முதல் சீட்டு வரை. எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு கிடைத்துவிடும்.

''ஒவ்வொரு சீட்டையும் கட்டில் உள்ள ஏதோ ஒரு சீட்டோடு மாத்தினா போதாதா?'' என்று கேட்டால், போதாது. 3 சீட்டு என்றால் அப்படி மாற்ற 27 வழி இருக்கிறது. ஆனால், 3 சீட்டை அடுக்க 6 வரிசைதான். 27-ஐ ஆறால் மீதியில்லாமல் வகுக்க முடியுமா? முடியாது. அப்படியானால் சில வரிசைக்குக் கூடுதல் சலுகை கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்!

சிப்பிக்குச் சொந்தக்காரன்!

இப்போது நிஜமாகவே ஒரு டேட்டாவை வெட்டிப் பார்த்துவிடலாம். நம்ம ஊர் சிப்பிக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்று இருக்கிறது. பெயர் 'அபலோன்'. ஒற்றை ஓட்டுக் கடல் நத்தை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பக்கம் பிடித்த 4,177 அபலோன்களின் நீளம், எடை எல்லாம் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தின் டேட்டா களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓட்டை வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வளையங்களை எண்ணினால் அதன் வயதைக் கணக்கிடலாம். அவ்வளவு கஷ்டப்படாமல் நீளத்தையும் எடையையும் வைத்தே வயதைச் சொல்ல முடியுமா என்பதுதான் மாடலுக்கு வைக்கும் பரீட்சை.

இதை 70:15:15 என்று பிரிக்கணும். கால்குலேட்டரை எடுங்கள். 2,923.9... 626.55... 626.55. அடடா, முக்கால் நத்தையை எங்கே போடுவது?

பக்கத்து முழு எண்ணாக மாற்றினால் 2,924 + 627 + 627 = 4,178. இல்லாத ஒரு நத்தை எங்கிருந்து வந்தது? சரி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிடலாம் என்றால் 2,923 + 626 + 626 = 4,175. இரண்டு நத்தை காணோம்!

பங்கின் அளவைக் கணக்குப் போட்டால் இந்த வம்பு வரும். வெட்டுகிற இடத்தைக் கணக்குப் போட்டால் வராது. இதோ, எந்த மொழியிலும் எழுதிக்கொள்ளக்கூடிய வழி:

1. மொத்தம் எத்தனை வரிசை என்று எண்ணு: 4,177.
2. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண் கொடு: 0 முதல் 4,176 வரை.
3. ஒரு விதை எண்ணைக் கொடுத்து, அந்த எண்களைக் கலை.
4. முதல் வெட்டு: 4,177-ல் 70 சதவிகிதம், முழு எண்ணாக 2,924.
5. இரண்டாம் வெட்டு: 4,177-ல் 85 சதவிகிதம், முழு எண்ணாக 3,550.
6. கலைத்த பட்டியலில் முதல் வெட்டு வரை ட்ரெய்னிங். அங்கிருந்து இரண்டாம் வெட்டு வரை வேலிடேஷன். மிச்சம் எல்லாம் டெஸ்ட்.
7. கூட்டிச் சரிபார்: 2,924 + 626 + 627 = 4,177. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை!

பைத்தானில் பாண்டாஸ் பயன்படுத்துபவர்கள் 'சாம்பிள்' கட்டளைக்கு முழு அளவு, அதாவது 1 என்று விகிதம் கொடுத்தால் மொத்த அட்டவணையும் கலைந்து வரும். பிறகு மேலே சொன்ன இரண்டு இடத்தில் வெட்டினால் ஆச்சு. சைக்கிட் லேர்ன் லைப்ரரியின் ரெடிமேட் 'ட்ரெய்ன் டெஸ்ட் ஸ்ப்ளிட்' இரண்டாக மட்டும்தான் பிரிக்கும். மூன்று பங்கு வேண்டும் என்றால் இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதலில் 70:30. பிறகு அந்த முப்பதைப் பாதியாக்க வேண்டும். இரண்டாவது முறையும் 0.15 என்று கொடுத்தால் முப்பதில் 15 சதவிகிதம், அதாவது மொத்தத்தில் வெறும் நாலரை சதவிகிதம்தான் கிடைக்கும். பார்த்து பாஸ்!

இன்னொரு குறுக்கு வழியும் பிரபலம். ஒவ்வொரு வரிசைக்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு ரேண்டம் எண் கொடுத்து, 0.8-க்குக் கீழே வந்தால் ட்ரெய்னிங், இல்லாவிட்டால் டெஸ்ட் என்று பூவா தலையா போடுவது. பல லட்சம் வரிசை இருக்கும் பெரிய டேட்டாவுக்கு இது வசதி. சின்ன டேட்டாவில் சொன்ன விகிதம் அச்சாக வராது. 100 வரிசை இருந்தால் 80-க்குப் பதில் 74 வரலாம், 86-ம் வரலாம். டேட்டா சின்னது என்றால் கலைத்து வெட்டுவதே உத்தமம்.

அந்த 42!

'விதை எண்' என்று சொன்னோமே, அது என்ன? கம்ப்யூட்டர் கொடுப்பது நிஜ ரேண்டம் இல்லை. ஒரு எண்ணிலிருந்து ஆரம்பித்து, கணக்குப் போட்டு உருவாக்கும் எண் வரிசை. ஆரம்ப எண் ஒன்றாக இருந்தால் கலைப்பும் ஒன்றாகவே இருக்கும். நாளைக்கு உங்கள் ஜூனியர் அதே கோடை ஓட்டினாலும் அதே பங்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் குறித்து வைக்கிறோம். இன்டர்நெட்டில் எந்த கோடைப் பார்த்தாலும் 42 என்றே இருக்கும். டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய காமெடி விண்வெளி நாவலில் 'வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்கும் விடை' 42. அந்த ஜோக்தான் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. 7, 100, உங்கள் ரோல் நம்பர் என்று எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஆனால், ஒரு தில்லாலங்கடி வேலை நடக்கிறது. 42 வைத்தால் ஆக்யூரஸி 88. 43 வைத்தால் 90. 57 வைத்தால் 94! உடனே 57-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ரிப்போர்ட் அடிப்பது. இது, சிப்பிகளைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு 'எனக்கு அந்தக் குவியல்தான் வேணும்' என்று கேட்கிற மாதிரி. பிரிக்கிற கையும் எடுக்கிற கையும் ஒன்றாகிவிட்டது. விதை எண்ணை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இல்லையா, பல எண்களுக்கு ஓட்டி, எல்லா விடைகளையும் சராசரியோடு சேர்த்துச் சொல்லுங்கள். வைவாவில் அது கெத்து!

ஒவ்வொரு குடும்பிலும் ஒருத்தர்!

கலைத்தாச்சு, வெட்டியாச்சு. இனி நிம்மதியா? 1,000 நோயாளிகளின் பட்டியலில் 50 பேருக்குத்தான் நோய் என்று வையுங்கள். 20 சதவிகிதம் டெஸ்ட்டுக்கு எடுத்தால் 200 பேர். அதில் சராசரியாக 10 பேருக்கு நோய் இருக்கணும். ஆனால், வெறும் ரேண்டத்தை நம்பினால் 5 பேரும் வரலாம், 15 பேரும் வரலாம். அரிதான விஷயம் என்றால் அதிர்ஷ்டம் விளையாடும்.

இதற்கு உத்திரமேரூரில் அந்தக் காலத்திலேயே வழி கண்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919 மற்றும் 921-ஐச் சேர்ந்தவை, குடவோலை முறையை விளக்குகின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். மொத்த ஓலையையும் ஒரே குடத்தில் போட்டு 30 பேரை எடுத்திருந்தால், ஒரே தெருக்காரர்கள் நிறைந்துவிடும் ஆபத்து உண்டு. குடும்புக்கு ஒருவர் என்றதால் எல்லாப் பகுதிக்கும் இடம் உறுதி. எடுப்பதோ உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கை. ரெண்டும் சேர்ந்தே இருக்கிறது பாருங்கள்!

கம்ப்யூட்டரில் இதற்கு 'ஸ்ட்ராட்டிஃபைடு ஸ்ப்ளிட்' என்று பெயர். நோய் உள்ள 50 பேரைத் தனியாகக் கலைத்து 20 சதவிகிதம், இல்லாத 950 பேரைத் தனியாகக் கலைத்து 20 சதவிகிதம். இரண்டையும் சேர்த்தால் டெஸ்ட்டில் கச்சிதமாக 10 பேருக்கு நோய். அபலோன் பட்டியலில் ஆண் 1,528, பெண் 1,307, குஞ்சு 1,342. இப்படிப் பிரித்தால் மூன்று பங்கிலும் இதே விகிதம் வரும்.

ஒரு எச்சரிக்கை. 29 வளையம் உள்ள அபலோன் மொத்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான். வளைய எண்ணிக்கை வாரியாகப் பிரிக்கச் சொன்னால் சைக்கிட் லேர்ன் 'எரர்' காட்டும். பின்னே? ஒரு முத்தை மூணு பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது! அப்போது பக்கத்துப் பக்கத்து எண்களைச் சேர்த்து ஒரே பிரிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நடுக்கடலில் திறந்த சிப்பி!

மறுபடியும் மன்னார் வளைகுடா. அதிகாரிகளுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. கரைக்கு வரும் வழியிலேயே சிலர் சிப்பியைத் திறந்து நல்ல முத்துகளை எடுத்துவிடுவார்களாம். பிறகு கொட்டில் எவ்வளவு நேர்மையாகப் பிரித்து என்ன பிரயோஜனம்? பிரிப்பதற்கு முன்பே சரக்கு கசிந்துவிட்டதே!

டேட்டாவிலும் இதே கசிவு உண்டு. பெரிய பெரிய ஆட்களே சறுக்கிய இடம் இது. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, மார்பு எக்ஸ்ரே பார்த்து நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் 'செக்ஸ்நெட்' மாடலை வெளியிட்டது. டேட்டாவில் 1,12,120 எக்ஸ்ரே படங்கள். ஆனால், நோயாளிகள் 30,805 பேர்தான். அதாவது ஒரே ஆளுக்குப் பல படங்கள். முதல் பதிப்பில் படங்களை ரேண்டமாகப் பிரித்திருந்தார்கள். அப்படிச் செய்தால் ஒரே நபரின் ஒரு படம் ட்ரெய்னிங்கிலும், இன்னொரு படம் டெஸ்ட்டிலும் போகுமே? மாடல் நோயைக் கண்டுபிடிக்கிறதா, ஆளை அடையாளம் கண்டுவிடுகிறதா? மற்றவர்கள் கேள்வி எழுப்ப, ஒரு நோயாளியின் படங்கள் எல்லாம் ஒரே பங்கில் இருக்கும்படி பிரித்துத் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள்.

பாடம் என்ன? ஒன்றோடு ஒன்று சம்பந்தப்பட்ட வரிசைகளைப் பிரிக்காதீர்கள். ஒரே நோயாளி, ஒரே மாணவர், ஒரே படகு என்றால் எல்லாம் ஒரே பக்கம் போக வேண்டும். அப்போது கலைக்க வேண்டியது வரிசைகளை இல்லை, ஆட்களை.

மழைக்கு மட்டும் கலைக்காதே!

'எப்பவும் ரேண்டமாக் கலைக்கணும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் பட்ட பாட்டை யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை!

மழையை முன்கூட்டியே சொல்லும் ப்ராஜெக்ட் என்று தினசரி வானிலை டேட்டாவை எடுத்து ரேண்டமாகக் கலைத்தால் என்ன ஆகும்? 16-ம் தேதியும் 19-ம் தேதியும் ட்ரெய்னிங்கில் உட்கார்ந்திருக்கும். நடுவே இருக்கும் 17 டெஸ்ட்டில். முன்னும் பின்னும் தெரிந்த பிறகு நடுவில் நடந்ததைச் சொல்வது ஜோசியம் கூட இல்லை, காப்பி! அந்த மாடலுக்கு 99 சதவிகிதம் கிடைக்கலாம். ஆனால், அடுத்த மழைக்கு முந்தைய நாள் அது வாயைத் திறக்காது. அதை நம்பிக் கரையோரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால்?

காலம் சம்பந்தப்பட்ட டேட்டாவுக்கு ஒரே விதிதான். பழைய வருடங்கள் ட்ரெய்னிங், புதிய வருடங்கள் டெஸ்ட். நாளையைத் தெரிந்துகொண்டு நேற்றைச் சொல்லக் கூடாது. நிஜ வாழ்க்கையில் மாடலை எப்படிப் பயன்படுத்தப் போகிறோமோ, அதே மாதிரி பிரிக்க வேண்டும்.

வைவாவுக்கு முன்னாடி ஒரு செக்!

* ஒரே வரிசை இரண்டு முறை இருக்கிறதா? பிரிப்பதற்கு முன்பே நீக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்று அங்கே, ஒன்று இங்கே போய் உட்காரும்.

* இரண்டு ஃபைல்களை ஒட்டி உருவாக்கிய அட்டவணையா? வரிசை எண்கள் திரும்பத் திரும்ப வரும். 'ட்ரெய்னிங்கில் இருப்பதை நீக்கு' என்று எண்ணை வைத்துச் சொன்னால் அதே எண் உள்ள மற்ற வரிசைகளும் காலி. எண்களைப் புதிதாகப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

* காலியான கட்டங்களைச் சராசரியால் நிரப்புவது, அளவுகளைச் சமன் செய்வது எல்லாம் பிரித்த பிறகுதான். சராசரியையும் ட்ரெய்னிங் பங்கிலிருந்து மட்டுமே எடுங்கள்.

* அரிதான பிரிவை நகலெடுத்துப் பெருக்குகிறீர்களா? அதையும் ட்ரெய்னிங் பங்குக்குள் மட்டும் செய்யுங்கள்.

* மூன்று பங்கையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் சரியாக வருகிறதா? ஏதாவது வரிசை இரண்டு பங்கில் இருக்கிறதா?

* ரிப்போர்ட்டில் விகிதம், விதை எண், எப்படிப் பிரித்தோம் என்ற காரணம் மூன்றையும் எழுதுங்கள்.

இந்தக் காலத்தில் கோடு எழுதித் தர சாட்பாட் இருக்கிறது. 'பிரிச்சுக் கொடு' என்றால் ஒரே நொடியில் அந்த ஒரு லைனைக் கொடுத்துவிடும். ஆனால், உங்கள் பட்டியலில் ஒரே ஆள் நாலு முறை வந்திருப்பதும், வரிசைகள் தேதி வாரியாக இருப்பதும் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். கோடு கம்ப்யூட்டருடையது. பங்கு நியாயமா என்ற கேள்வி உங்களுடையது!

கடைசியாக ஒன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள், திறக்காமலேயே. வாங்கிய வியாபாரிக்கு உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது பிறகுதான் தெரியும். உங்கள் டெஸ்ட் பங்கும் அப்படித்தான். எல்லா வேலையும் முடியும் வரை அது திறக்காத சிப்பியாகவே இருக்கட்டும். ஒரே ஒரு முறை திறங்கள். 99 வந்தாலும் சரி, 79 வந்தாலும் சரி, அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். 'எப்படிப் பிரிச்சே?' என்று கேட்கும் எக்ஸ்டர்னலுக்கு நிஜமான 79-ஐத்தான் பிடிக்கும்!